அழிப்பதும் மறைப்பதும்: சேல்ஸ்ஃபோர்ஸ், டைனமிக்ஸ் 365 – உள்ளமைவு மாற்றத்தின் இரு பாதைகள்

காலாண்டு முடிய இரண்டு நாள் இருக்கிறது. விற்பனை மேலாளர்கள் நாள்தோறும் திறந்து பார்க்கும் பட்டியலில் ஒரு வடிகட்டி நிபந்தனை பிழையாக இருப்பதால், இந்தக் காலாண்டில் முடியவேண்டிய வாய்ப்புகளில் பாதி கண்ணிலேயே படவில்லை. சாண்ட்பாக்ஸில் திருத்தி, சோதித்து, ஒப்புதல் பெற்று அனுப்ப நேரமில்லாததால் அட்மின் நேரடியாகப் புரொடக்‌ஷனிலேயே நிபந்தனையைச் சரிசெய்துவிடுகிறார். சில வாரங்கள் கழித்து, இந்தத் திருத்தத்தை அறியாத வளர்ச்சிக் குழு அதே பட்டியலில் ஒரு நெடுவரிசையைக் கூட்டி, முறைப்படி டெப்ளாய் செய்கிறது. இது சேல்ஸ்ஃபோர்ஸாக இருந்தால் புதிய நெடுவரிசை வந்துசேரும், அட்மின் செய்த திருத்தம் காணாமல் போகும். டைனமிக்ஸ் 365 ஆக இருந்தால் அட்மினின் திருத்தம் அப்படியே நிற்கும், புதிய நெடுவரிசைதான் கண்ணில் படாது. இரண்டு திரைகளும் வேலை வெற்றிகரமாக முடிந்தது என்றே சொல்லும்.

ஒரே செயலுக்கு இப்படி நேரெதிரான இரண்டு விளைவுகள் ஏன்? இரண்டுமே மேகத்தில் இயங்கும் சிஆர்எம் அமைப்புகள். இரண்டிலும் நிரல் எழுதாமலேயே பெரும்பாலான மாற்றங்களைச் செய்யலாம். இரண்டிலும் மாற்றத்தைப் பொட்டலமாகக் கட்டி ஒரு சூழலிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு உண்டு. வேறுபாடு ஓரிடத்தில்தான். ஒரு பொருளை ஏற்கெனவே யார் எப்படி மாற்றினார்கள் என்பதை அமைப்பு நினைவில் வைத்திருக்க வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்விக்கு இரண்டும் வெவ்வேறு விடை கண்டிருக்கின்றன. பிற வேறுபாடுகள் பலவும் அந்த விடையிலிருந்து கிளைத்தவை என்பதே என் வாசிப்பு.

ஒற்றுமையிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அது எதிர்பார்ப்பதைவிட ஆழமானது. சேல்ஸ்ஃபோர்ஸில் பல வாடிக்கையாளர் நிறுவனங்கள் ஒரே தரவுத்தளத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. புதிய புலம் ஒன்றை உருவாக்கும்போது தரவுத்தளத்தின் கட்டமைப்பு மாறுவதில்லை, அந்தப் புலத்தை விவரிக்கும் ஒரு வரிசை மட்டுமே எழுதப்படுகிறது. டைனமிக்ஸின் அடித்தளமான டேட்டாவெர்ஸிலோ ஒவ்வொரு சூழலுக்கும் தனித் தரவுத்தளம். புதிய புலம் அங்கே மெய்யான எஸ்க்யூஎல் நெடுவரிசையாகவே உருவாகிறது. தரையடியில் இவ்வளவு வேறுபாடு இருந்தும், மேலே வந்தால் இரண்டும் ஒன்றுதான். படிவம், பட்டியல், விதி, மெனு ஆகிய அனைத்தும் தரவுத்தளத்தில் உள்ள விவரிப்புகள். பயனர் திரையைத் திறக்கும் நொடியில் அவை படிக்கப்பட்டுத் திரையாகின்றன. ஆகவே இங்கே உள்ளமைவை மாற்றுவது என்றால் ஒரு கோப்பைத் தொகுத்து நிறுவுவதல்ல. ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தில் எழுதுவது. டெப்ளாய்மென்ட் என்பது ஒரு தரவுத்தளத்தின் விவரிப்பை இன்னொன்றில் உள்ள விவரிப்போடு இணங்கவைப்பது. வழக்கமான மென்பொருள் உலகிலிருந்து வருபவர்கள் முதலில் தடுமாறுவது இரண்டிலும் இதே இடத்தில்தான்.

இனி பொட்டலம். சேல்ஸ்ஃபோர்ஸின் சேஞ்ச் செட் வேலை முடிந்தபிறகு கட்டப்படுவது; டைனமிக்ஸின் சொல்யூஷன் வேலை தொடங்கும் முன்பே திறக்கப்படுவது. சேஞ்ச் செட்டில், சாண்ட்பாக்ஸில் மாற்றியவற்றை ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்து பட்டியலில் சேர்க்க வேண்டும். சார்ந்த கூறுகளைக் காட்டும் பொத்தான் உதவும், ஆனால் 'இந்த வாரம் நீங்கள் தொட்டவை இவை' என்று அது சொல்வதில்லை. சொல்யூஷனில், அதன் உள்ளே நின்று உருவாக்கும் எதுவும் தானாகவே அதன் உறுப்பாகிவிடுகிறது. முன்னது மனித நினைவை நம்புகிறது, பின்னது மனித ஒழுங்கை நம்புகிறது. சொல்யூஷனில் சேராத ஒரு கூறை அதற்கு வெளியே நின்று மாற்றிவிட்டால், அந்த மாற்றமும் சேஞ்ச் செட்டில் விடுபட்ட கூறு போலவே பின்தங்கிவிடும். டைனமிக்ஸின் 2011ஆம் ஆண்டுப் பதிப்பில் சொல்யூஷன் அறிமுகமானதிலிருந்து ஒவ்வொன்றுக்கும் பதிப்பெண் உண்டு, வெளியிடும் நிறுவனத்தின் பெயரும் அதற்குரிய முன்னொட்டும் உண்டு. சேஞ்ச் செட்டுக்குப் பெயரும் விளக்கமும் மட்டுமே. ஒருமுறை மேலேற்றிவிட்டால் அது பூட்டப்பட்டுவிடும். ஒரு கூறு விட்டுப்போனது தெரிந்தால் அதை நகலெடுத்து, விட்டதைச் சேர்த்து, மறுபடி அனுப்ப வேண்டும். அதனால்தான் பெயரின் முடிவில் வி2, வி3, 'இறுதி' என்றெல்லாம் சேர்த்துக்கொண்டு வரிசையாக நிற்கும் சேஞ்ச் செட்டுகளைப் பல நிறுவனங்களில் காணலாம். பதிப்பெண் இல்லாத அமைப்பில் மனிதர்கள் தாங்களே பதிப்பெண்ணைக் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள்.

பயணிக்கும் விதமும் வேறு. சேஞ்ச் செட் குடும்பத்தை விட்டு வெளியே போகாது. ஒரே புரொடக்‌ஷனுக்குப் பிறந்த சாண்ட்பாக்ஸ்களுக்கும் அந்தப் புரொடக்‌ஷனுக்கும் இடையே மட்டும், அனுமதிக்கப்பட்ட இணைப்பு வழியாக அது நகரும். கோப்பாக நம் கணினிக்கு அது இறங்குவதே இல்லை. சொல்யூஷனோ ஒரு ஜிப் கோப்பு; மின்னஞ்சலில் அனுப்பலாம், எந்த நிறுவனத்தின் சூழலிலும் இறக்கலாம். முதல் பார்வையில் இரண்டாவது தாராளமானதாகவும் முதலாவது கறாரானதாகவும் தோன்றும். ஆனால் சேல்ஸ்ஃபோர்ஸின் மெட்டாடேட்டா ஏபிஐ வழியே போனால் அங்கும் ஜிப் கோப்பே காத்திருக்கிறது, எந்தச் சேல்ஸ்ஃபோர்ஸ் சூழலுக்கும் அதை அனுப்பலாம். சேஞ்ச் செட் அந்த ஏபிஐயின்மேல் அட்மினுக்காகப் போடப்பட்ட திரை என்றே சொல்லலாம்.

வாசலில் நடக்கும் சோதனையில் சேல்ஸ்ஃபோர்ஸ் கண்டிப்பானது. அதன் நிரல்மொழியான ஏபெக்ஸில் எழுதிய நிரலைப் புரொடக்‌ஷனுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் நிரலின் 75 விழுக்காட்டையாவது சோதனைகள் தொட்டிருக்க வேண்டும். ஓர் இரவு முழுக்க ஓடக்கூடிய சோதனைகளை முன்கூட்டியே சரிபார்ப்பாக ஓட்டி வைத்துக்கொண்டு, அடுத்த பத்து நாட்களுக்குள் சில நிமிடங்களில் டெப்ளாய் செய்துவிடும் வசதியும் உண்டு. ஏதேனும் ஒன்று தவறினால் புரொடக்‌ஷனில் எதுவும் மாறாது. முழுவதும் நுழையும், அல்லது எதுவுமே நுழையாது. டைனமிக்ஸில் நிரலுக்கு அப்படியொரு கட்டாய விழுக்காடு இல்லை. இறக்குமதியின்போது அது கேட்பது வேறு கேள்வி: இந்தப் பொட்டலம் சார்ந்திருக்கும் அனைத்தும் இங்கே இருக்கின்றனவா? இல்லையென்றால் குறைபவற்றின் பட்டியலைக் கொடுத்துக் கதவைச் சாத்திவிடும்.

இந்தக் கண்டிப்பைத் தாண்டி வந்தபிறகு நேரும் ஓர் ஏமாற்றத்தைச் சொல்லியாக வேண்டும். ஒரு வாய்ப்புக்குத் தள்ளுபடி கொடுத்த காரணத்தைப் பதிய ஒரு புதிய புலம் உருவாக்கி அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சேல்ஸ்ஃபோர்ஸில் புலத்தை மட்டும் அனுப்பி, அதற்கான அனுமதியைத் தாங்கும் ப்ரொஃபைலையோ பெர்மிஷன் செட்டையோ சேர்க்க மறந்தால், புலம் இருக்கும், ஆனால் யாருக்கும் தெரியாது, அட்மினுக்குக்கூட. டைனமிக்ஸில் அந்தப் புலத்துக்குத் தனிப் பாதுகாப்பை இயக்க மறந்தால் அட்டவணையைப் படிக்கும் உரிமை உள்ள எல்லாருக்கும் அது திறந்தே இருக்கும். மறதி ஒன்றுதான், முன்னதில் விற்பனையாளர் தொலைபேசியில் கூப்பிட்டுப் புலம் எங்கே என்று கேட்பார், பின்னதில் யாரும் கூப்பிடவே மாட்டார்கள். எனக்கு முன்னதே பாதுகாப்பானதாகப் படுகிறது. கூச்சலிடும் பிழை அன்றே சரியாகிவிடும். அமைதியான பிழையைத் தணிக்கையாளர் வரும் வரை யாரும் பார்ப்பதில்லை.

சேமிப்பதற்கும் வெளியிடுவதற்கும் இடையிலான இடைவெளியில் டைனமிக்ஸ் முந்துகிறது. அங்கே படிவத்தையோ பட்டியலையோ திருத்திச் சேமித்தால் அது உடனே யார் கண்ணிலும் படாது; பப்ளிஷ் செய்தால்தான் படும். சேல்ஸ்ஃபோர்ஸில் பக்க அமைப்பைச் சேமித்த கணமே அது நடப்புக்கு வந்துவிடுகிறது. ஆனாலும் தானியங்கி விதிகள் என்று வரும்போது இரண்டும் எதிர்பாராத விதமாக ஒரே எச்சரிக்கையைக் கடைப்பிடிக்கின்றன. சேல்ஸ்ஃபோர்ஸில் ஃப்ளோ புரொடக்‌ஷனுக்குள் வரும்போது, அமைப்பில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலொழிய, செயலற்ற நிலையில்தான் வரும். டைனமிக்ஸில் ஃப்ளோவுக்குரிய இணைப்புகளை இலக்குச் சூழலில் பொருத்திக்கொடுக்காவிட்டால் அது அணைந்த நிலையிலேயே கிடக்கும். காட்சியை மாற்றுவதில் எதிரெதிராக நின்ற இரண்டும், தானாக ஓடும் ஒன்றை உள்ளே விடும்போது மட்டும் ஒரு மனிதர் வந்து இயக்கட்டும் என்று காத்திருக்கின்றன.

இனி மையத்துக்கு வருவோம். சேல்ஸ்ஃபோர்ஸில் ஒரு நிறுவனம் தானே உருவாக்கிய பட்டியல், பக்க அமைப்பு, விதி ஆகியவற்றுக்கு எந்த நேரத்திலும் ஒரே ஒரு வடிவம்தான். சேஞ்ச் செட்டில் வரும் வடிவம் அங்கே இருப்பதன் இடத்தில் அமர்ந்துகொள்கிறது. பக்க அமைப்பு என்றால் முழுப் பக்க அமைப்பும், பட்டியல் என்றால் முழுப் பட்டியலும் மாற்றப்படும். கடைசியாக எழுதியவர் எழுதியதே நிலைக்கும். டேட்டாவெர்ஸில் அப்படியல்ல. அடியில் அமைப்பின் அடுக்கு, அதன்மேல் நிறுவப்பட்ட வரிசைப்படி மேனேஜ்ட் சொல்யூஷன்களின், அதாவது முடித்து மூடி வெளியிட்ட பொட்டலங்களின், அடுக்குகள், அனைத்துக்கும் மேலே திருத்தத்துக்குத் திறந்த அன்மேனேஜ்ட் அடுக்கு. புரொடக்‌ஷனில் அட்மின் நேரடியாகச் செய்யும் திருத்தம் இந்த உச்சி அடுக்கில்தான் விழுகிறது. பயனர் பார்ப்பது பெரும்பாலான கூறுகளில் மேலடுக்கு எதைச் சொல்கிறதோ அதை. படிவம், தளவரைபடம் போன்ற சிலவற்றில் மட்டும் அடுக்குகள் ஒன்றோடொன்று கலந்து காட்டப்படும்.

நம்மூர் நில ஆவணங்களை அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாடு உடனே பிடிபடும். பட்டா இன்று நிலம் யார் பேரில் என்பதைச் சொல்கிறது. வில்லங்கச் சான்று அந்த நிலத்தின்மேல் ஒன்றன்பின் ஒன்றாக என்னென்ன பதிவாயின என்பதைச் சொல்கிறது. சேல்ஸ்ஃபோர்ஸ் பட்டாவை மட்டும் வைத்திருக்கிறது. டேட்டாவெர்ஸ் வில்லங்கத்தையும் சேர்த்தே சுமக்கிறது.

தொடக்கத்தில் கண்ட நேரெதிர் விளைவுகளின் காரணம் இப்போது தெளிவாகிறது. சேல்ஸ்ஃபோர்ஸில் வளர்ச்சிக் குழுவின் பட்டியல் முழுதாக வந்து அமர்ந்ததால், அட்மினின் திருத்தத்துக்கு ஒதுங்கி நிற்கக்கூட இடமில்லை. டைனமிக்ஸில் குழுவின் பட்டியல் தன் மேனேஜ்ட் அடுக்கில் ஒழுங்காகவே வந்து சேர்ந்தது, ஆனால் அதன் தலைக்குமேல் அட்மினின் அடுக்கு அமர்ந்திருந்தது. முன்னதில் பழைய திருத்தம் இழக்கப்பட்டது. பின்னதில் புதிய வேலை இழக்கப்படவில்லை, மறைக்கப்பட்டது. இழப்பை மீட்கச் செலவு அதிகம். மறைப்பைக் கண்டுபிடிக்கச் செலவு அதிகம். எது மேல் என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சேல்ஸ்ஃபோர்ஸில் அடுத்த சேஞ்ச் செட்டில் அந்தப் பட்டியல் இடம்பெறாவிட்டால் அவசரத் திருத்தம் ஆண்டுக்கணக்கில் பத்திரமாக வாழும். டைனமிக்ஸில் உச்சி அடுக்கு ஒருமுறை உருவாகிவிட்டால், அதை நீக்கும் வரை அந்தக் கூறுக்கு வரும் ஒவ்வொரு மாற்றத்தின்மீதும் நிழல் விழும். முன்னது ஒரு விபத்து. பின்னது ஒரு நிலைமை.

மருந்தும் தலைகீழ் வரிசையில்தான் வேலை செய்கிறது. சேல்ஸ்ஃபோர்ஸில் புரொடக்‌ஷனில் செய்த திருத்தத்தை முதலில் சாண்ட்பாக்ஸுக்கு இறக்கிக்கொள்ள வேண்டும், அதற்கு முன் எதையும் மேலே அனுப்பக்கூடாது. டைனமிக்ஸில் அதே திருத்தத்தை வளர்ச்சிச் சூழலில் செய்து மேலே அனுப்பிவிட்டு, அதன்பிறகு புரொடக்‌ஷனில் உச்சி அடுக்கை நீக்க வேண்டும். முதலில் நீக்கினால், இடைப்பட்ட நேரத்தில் பழைய பிழை திரும்பிவிடும். இறக்குமதியின்போதே அன்மேனேஜ்ட் மாற்றங்களை மேலெழுதிவிடும் தேர்வும் டைனமிக்ஸில் உண்டு. அதைத் தேர்ந்தால் அந்த இறக்குமதியின் அளவில் டைனமிக்ஸ் சேல்ஸ்ஃபோர்ஸைப் போல நடந்துகொள்ளும். வழக்கமாகப் பயன்படுத்தும்படி யாரும் பரிந்துரைப்பதில்லை.

துப்பறிவதற்கு இரண்டும் தரும் கருவிகள்கூட ஒன்று விட்டதை மற்றொன்று நிரப்புவதுபோல இருக்கின்றன. சேல்ஸ்ஃபோர்ஸின் அமைப்புத் தணிக்கைத் தடம் 180 நாள் வரை யார், எப்போது, எதைத் தொட்டார்கள் என்பதைச் சொல்லும். அழிந்துபோன வடிவத்தைத் திருப்பித் தராது. டைனமிக்ஸின் அடுக்குக் காட்சி எதன்மேல் எது அமர்ந்திருக்கிறது என்று வடிவங்களைக் காட்டும். அதன் கவனம் சொல்யூஷன்மேல்தான், ஆள்மேல் அல்ல. ஒன்றில் கை தெரியும், மற்றொன்றில் கைவேலை தெரியும்.

சேர்ப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். நீக்குவது இன்னும் நுட்பமானது. சேஞ்ச் செட்டால் எதையும் நீக்க முடியாது. சாண்ட்பாக்ஸில் அழித்த புலம் புரொடக்‌ஷனில் அப்படியே இருக்கும். நீக்குவதற்கு மெட்டாடேட்டா ஏபிஐ வழியே, அழிக்க வேண்டியவற்றை மட்டும் பட்டியலிடும் தனி எக்ஸ்எம்எல் கோப்பை அனுப்ப வேண்டும். அன்மேனேஜ்ட் சொல்யூஷனும் இப்படித்தான். அதை நீக்கினால் உறை மட்டும் போகும், உள்ளிருந்தவை அனைத்தும் சூழலிலேயே தங்கும். மேனேஜ்ட் சொல்யூஷன் முற்றிலும் வேறு இயல்புடையது. புதிய பதிப்பை மேம்படுத்தலாக நிறுவினால் அதில் இல்லாதவை இலக்கிலிருந்து நீங்கும். சொல்யூஷனையே நீக்கினால் அது கொண்டுவந்த அட்டவணைகள் தரவோடு சேர்ந்தே போய்விடும். சேல்ஸ்ஃபோர்ஸில் நீக்கிய தனிப்புலம் 15 நாள் மீட்கக்கூடிய நிலையில் காத்திருக்கும். நினைவை நிறைய வைத்திருக்கும் அமைப்பு நீக்கும்போது இரக்கமின்றி நீக்குகிறது. நினைவே வைத்திராத அமைப்பு நீக்கத் தயங்குகிறது. இதில் முரண் இல்லை. எது யாருக்குச் சொந்தம் என்று தெரிந்த அமைப்பால்தான் உரிமையாளர் போகும்போது அவருடைய உடைமையையும் அனுப்பிவைக்க முடியும்.

இங்கே ஒரு சிறிய உறவு என்னை மகிழ்விக்கிறது. புதியது வந்து சேர்வதற்கும் பழையது போவதற்கும் நடுவே மூச்சுவிட ஓர் இடைவெளி தேவை என்பதை இரண்டும் தனித்தனியே கண்டுகொண்டிருக்கின்றன. சேல்ஸ்ஃபோர்ஸின் அழிப்புப் பட்டியலை மாற்றங்களுக்கு முன் ஓட வேண்டியது, பின் ஓட வேண்டியது என்று இரண்டு கோப்புகளாகப் பிரித்து அனுப்பலாம். டைனமிக்ஸில் புதிய பதிப்பைப் பழையதன் அருகிலேயே நிறுத்தி வைத்து, பழைய புலத்தின் தரவைப் புதிய புலத்துக்கு நகர்த்திவிட்டு, பிறகு மேம்படுத்தலை நிறைவேற்றலாம்.

சூழலுக்குச் சூழல் மாறும் மதிப்புகளை விரைவாகச் சொல்லிக் கடந்துவிடலாம். வெளிச்சேவையின் முகவரி, வரம்புத் தொகை போன்றவற்றை டைனமிக்ஸ் சூழல் மாறிகளாகவும் இணைப்புச் சுட்டுகளாகவும் பிரித்து, இறக்குமதியின்போதே கேட்டுப் பெறுகிறது. சேல்ஸ்ஃபோர்ஸில் கஸ்டம் மெட்டாடேட்டா பதிவுகள் டெப்ளாய்மென்ட்டோடு பயணிக்கும். கஸ்டம் செட்டிங்கின் கட்டமைப்பு பயணிக்கும், மதிப்புகள் பயணிக்கா.

திரும்பி வரும் வழி? இரண்டிலும் ஒரு பொத்தானை அழுத்தி நேற்றைய நிலைக்குப் போக முடியாது. சேல்ஸ்ஃபோர்ஸில் முந்தைய வடிவத்தை எங்கேனும் சேமித்து வைத்திருந்தால் அதையே புதிய மாற்றமாக அனுப்பலாம். டைனமிக்ஸில் மேலடுக்கை நீக்கினால் கீழடுக்கு வெளிப்படும். நினைவைச் சுமந்ததற்குக் கிடைக்கும் வெகுமதி இது. சூழல் முழுவதையும் காப்புப் பிரதியிலிருந்து மீட்கவும் செய்யலாம், ஆனால் அன்று காலையிலிருந்து விற்பனையாளர்கள் பதிந்த தரவும் சேர்ந்தே பின்னோக்கிப் போகும். உள்ளமைவும் தரவும் ஒரே கூரையின் கீழ் வாழும் அமைப்புகளில் ஒன்றை மட்டும் காலத்தில் பின்னே அனுப்புவது எளிதல்ல.

இதுவரை இரண்டையும் எதிர்ப்பக்கங்களில் நிறுத்திப் பார்த்தோம். கடந்த சில ஆண்டுகளில் அவை ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து வந்திருக்கின்றன. தொடக்கத்தில் இரண்டுக்கும் உண்மையின் இருப்பிடம் ஓடிக்கொண்டிருக்கும் சூழல்தான். கோப்பு என்பது பயணத்துக்கான தற்காலிக உருவம். 2017இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த சேல்ஸ்ஃபோர்ஸ் டிஎக்ஸ் அந்த உறவைத் திருப்பிப்போட்டது. உண்மை கிட் களஞ்சியத்தில் இருக்கும்; சூழல் தேவைப்படும்போது உருவாகி, அதிகபட்சம் 30 நாளில் மறையும். டேட்டாவெர்ஸ் பக்கத்திலும் சொல்யூஷனைப் பிரித்துக் களஞ்சியத்தில் வைக்கும் கருவிகள் நிலைபெற்றன. இரு முகாம்களிலும் பொறியாளர்கள் மோதிய சுவர் ஒன்றே. சேல்ஸ்ஃபோர்ஸில் ஓர் ஆப்ஜெக்டின் எல்லாப் புலங்களும் விதிகளும் பட்டியல்களும் ஒரே பெரிய எக்ஸ்எம்எல் கோப்பில் கிடந்தன. சொல்யூஷனிலோ பெரும்பாலான மாற்றங்கள் ஒரே கோப்புக்குள் கிடந்தன. இருவர் ஒரே வாரத்தில் வேலை செய்தால் அந்தக் கோப்பை இணைப்பது நரகம். இரண்டு பக்கமும் கண்ட தீர்வும் ஒன்றே: பெரிய கோப்பை உடைத்து, புலத்துக்கு ஒன்று, படிவத்துக்கு ஒன்று என்று சிறு கோப்புகளாக்குவது. போட்டியாளர்கள் பேசி வைத்துக்கொண்டு இப்படிச் செய்ததாகத் தெரியவில்லை. பொருளின் இயல்பு இருவரையும் ஒரே வாசலுக்கு இழுத்து வந்திருக்கிறது.

அடுத்த அடியும் சேர்ந்தே விழுந்தது. கிட்டும் கட்டளைவரியும் பொறியாளர்களுக்குப் பொருந்தின. ஆனால் இந்த அமைப்புகளை அன்றாடம் கட்டுகிறவர்களில் பெரும்பகுதியினர் நிரலாளர்கள் அல்லர். கிளைகளையும் இணைப்புக் கோரிக்கைகளையும் கற்க அவர்களுக்கு நேரமும் இல்லை, தேவையும் இருந்ததில்லை. 2022 டிசம்பரில் சேல்ஸ்ஃபோர்ஸ் டெவ்ஆப்ஸ் சென்டரைத் திறந்தது. 2023இல் மைக்ரோசாஃப்ட் பவர் பிளாட்ஃபார்ம் பைப்லைன்களைப் பொதுப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. இரண்டும் அட்மினைச் சொடுக்கவிட்டு, ஒழுங்கைப் பின்னணியில் தாங்களே பார்த்துக்கொள்ள முயல்கின்றன. ஒன்றில் பின்னணியில் கிட் இருக்கிறது, மற்றொன்றில் சொல்யூஷன் பதிப்புகள் இருக்கின்றன. அட்மினை நிரலாளராக மாற்ற முயலாமல், அட்மினின் வேலைமுறையை மதித்து அதற்குள் பாதுகாப்பைக் கட்டும் இந்தத் திசையே சரியானது என்று உறுதியாக நம்புகிறேன்.

நினைவைப் பற்றிய பழைய கேள்வியில்கூட இரண்டும் கடன் வாங்கிக்கொண்டன. சேல்ஸ்ஃபோர்ஸின் அன்லாக்டு பேக்கேஜ் ஒவ்வொரு கூறும் எந்தப் பொட்டலத்துக்குச் சொந்தம் என்பதைப் பதிந்து வைக்கிறது, பதிப்பெண் சுமக்கிறது. சொல்யூஷனின் மரபு அதில் தெரிகிறது. ஆனாலும் அட்மின் புரொடக்‌ஷனில் அந்தக் கூறை நேரடியாகத் திருத்த முடியும், அடுத்த பதிப்பு வந்து அதை மேலெழுதும். அடுக்கு மட்டும் வரவில்லை. டேட்டாவெர்ஸோ அன்மேனேஜ்ட் மாற்றங்களைச் சூழல் அளவிலேயே தடுத்துவிடும் ஒரு தேர்வைச் சேர்த்திருக்கிறது. அதை இயக்கினால் உச்சி அடுக்கில் யாரும் புதிதாக எதையும் எழுத முடியாது. காலாண்டு இறுதியில் அவசரத் திருத்தமும் செய்ய முடியாது என்பது அதன் விலை. சரியான பைப்லைன் ஓட்டமும் இரவு பத்து மணிக்கும் ஒப்புதல் கொடுக்க ஆளும் இருக்கும் குழுவே அந்த விலையைக் கொடுக்கலாம். இல்லாத குழு அதை இயக்குவதற்கு முன் அந்த இரண்டையும் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

இந்த ஒப்பீட்டில் நிறுவனமும் அதன் அட்மினும் மட்டுமே எழுதுகிறவர்களாக வந்தார்கள். மூன்றாவதாக ஒருவர் எப்போதும் எழுதிக்கொண்டிருக்கிறார்: அமைப்பை விற்றவர். சேல்ஸ்ஃபோர்ஸ் ஆண்டுக்கு மூன்று முறையும், டைனமிக்ஸ் ஏப்ரலிலும் அக்டோபரிலுமாக இரண்டு முறையும் பெரிய புதுப்பிப்புகளை எல்லா வாடிக்கையாளர்களுக்கும் அனுப்புகின்றன. மைக்ரோசாஃப்ட் தன் செயலிகளை வாடிக்கையாளர் பயன்படுத்தும் அதே மேனேஜ்ட் சொல்யூஷன் வடிவத்தில்தான், அதே அடுக்குகளுக்குள் இறக்குகிறது. விற்றவருக்கும் வாங்கியவருக்கும் விதி ஒன்றே. சேல்ஸ்ஃபோர்ஸ் தன் மாற்றங்களை நம் விவரிப்புகளுக்கு அடியில் செய்கிறது. நம் ஏபெக்ஸ் வகுப்பும் ஃப்ளோவும் பிறந்தபோது பதிந்த ஏபிஐ பதிப்பெண்ணைப் பிடித்துக்கொண்டு பழைய நடத்தையிலேயே தொடர அனுமதிக்கிறது. ஒன்று அடுக்கால் காக்கிறது, மற்றொன்று தேதியிட்ட ஒப்பந்தத்தால் காக்கிறது.

காப்பு முறை வேறானாலும் சிக்கல் ஒன்றாகவே வருகிறது. சேல்ஸ்ஃபோர்ஸில் முன்னோட்டத்தில் இருக்கும் சாண்ட்பாக்ஸ் சில வாரங்களுக்குப் புரொடக்‌ஷனைவிட ஒரு பதிப்பு முன்னே நிற்கும். அங்கிருந்து அனுப்பும் விவரிப்பில் புரொடக்‌ஷன் இன்னும் அறியாத ஒரு பண்பு இருந்தால் டெப்ளாய்மென்ட் நின்றுவிடும். டைனமிக்ஸில் வளர்ச்சிச் சூழலில் மைக்ரோசாஃப்டின் சொல்யூஷன் ஒன்று முன்பே புதுப்பிக்கப்பட்டிருந்தால், அங்கிருந்து கிளம்பும் நம் பொட்டலம் அந்தப் புதிய பதிப்பைச் சார்ந்ததாகிவிடும்; பழைய பதிப்பில் நிற்கும் புரொடக்‌ஷன் அதை மறுத்துவிடும். இரண்டிலும் பிழைச்செய்தி நாம் தொடவே தொடாத ஒரு கூறின் பெயரைச் சொல்லும். அதனால் அனுபவமுள்ள குழுக்கள் முன்னோட்டத்துக்கு ஒரு சாண்ட்பாக்ஸைத் தனியே ஒதுக்கிவிட்டு, அனுப்பும் சாண்ட்பாக்ஸைப் புரொடக்‌ஷனின் பதிப்பிலேயே நிறுத்தி வைக்கின்றன. டைனமிக்ஸ் குழுக்களோ சோதனைச் சூழலையும் புரொடக்‌ஷனையும் புதுப்பித்த பிறகே வளர்ச்சிச் சூழலின் புதுப்பிப்புக்கு நாள் குறிக்கின்றன.